செம்பியனின் ஸ்லைடு

மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் வெண்மதி. நடைவழிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில் ஜன்னலோரமாகச் செம்பியன்.

சேரும்போது பதினோரு பேர் இருந்தார்கள். முதல் வருஷமே சிலர் நர்சிங் சீட் கிடைத்துப் போய்விட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணமானது. மற்றவர்கள், இந்தப் படிப்புக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று வீட்டில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஜான்சி மட்டும் கடைசிவரை இருப்பாள் என்று வெண்மதி நம்பியிருந்தாள். இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு அவளுக்கும் திருச்சிப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. விடுமுறை முடிந்து வெண்மதி வகுப்புக்குள் நுழைந்தபோது நாற்பது பேர் உட்காரும் அறை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. ஜன்னலோரமாக ஒரு தலை மட்டும் தெரிந்தது. அந்தத் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ஆலப்பாக்கம் தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கல்லூரி. தொடங்கி ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. காமர்ஸுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கூட்டம் முண்டியடிக்கும். பயோகெமிஸ்ட்ரிக்கு அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஆளே சேரவில்லை. இந்த இரண்டு பேர் வெளியே போனதும் துறையை இழுத்து மூடிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அங்கே ஆண்களும் பெண்களும் பேசிக்கொள்ளக் கூடாது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பேசினால் வீட்டுக்கு போன் போய்விடும். அதனால் கூடப் படிப்பவர்கள் என்று இருந்தும் வெண்மதியும் செம்பியனும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மேடத்திடம் சந்தேகம் கேட்டால் அவனும் காதுகொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்வான். அவன் பதில் சொல்லித் தப்பாகப் போனால் அவளுக்குச் சிரிப்பு வரும், குனிந்துகொள்வாள். மதியம் அவள் வகுப்பிலேயே சாப்பிடுவாள். அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான். சாயங்காலம் அவள் சாலையின் ஒரு பக்கம் கடலூர் பஸ்ஸுக்கும், அவன் எதிர்ப்பக்கம் சிதம்பரம் பஸ்ஸுக்கும் நிற்பார்கள். லாரிகள் நடுவே போய்க்கொண்டிருக்கும்.

வெண்மதியின் ஊர் மங்கலம்பேட்டை. அப்பா கோவிந்தசாமி மின்வாரியத்தில் லைன்மேன். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் செம்மண்டலத்தில் அமிர்தம் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். மாமாவுக்கு மஞ்சக்குப்பத்தில் சர்க்கார் ஆபீசில் வேலை. அத்தை கெட்டவள் இல்லை. சோறு போட்டாள், பரீட்சை என்றால் டீவி சத்தத்தைக் குறைத்தாள். ஆனால் அன்றைக்கு என்ன படித்தாய் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் ஆர்வம் தாங்காமல், நம் உடம்பில் சர்க்கரை எப்படி உடைகிறது என்று வெண்மதி சொல்லத் தொடங்கினாள். "எனக்கு சுகர்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அத்தை கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் வெண்மதி யாரிடமும் எதையும் சொல்வதில்லை. சில நாள் கல்லூரியில் 'எஸ் மேம்' என்று சொன்னதையும் பஸ்ஸில் டிக்கெட் கேட்டதையும் தவிர வேறு பேச்சே இல்லாமல் பொழுது போய்விடும்.

அந்த 2010ஆம் வருஷம், மழைக்காலம் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனைப் பிராக்டிகல் வந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ண வேண்டும். கூட்டம் இருந்த காலத்தில் யாராவது ஒரு தைரியசாலி விரலை நீட்டுவான், எல்லோரும் அவன் ரத்தத்தைப் பார்ப்பார்கள். இப்போது இருப்பது இரண்டு பேர்.

"அவுங்கவுங்க வெரல்ல அவுங்கவுங்களே குத்திக்கங்க" என்றார் சத்யப்பிரியா மேடம். துறையில் மிஞ்சியிருந்த ஒரே ஆசிரியை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். "சொந்த ஸ்லைட எண்ணுனா மனசு ஏமாத்தும். மாத்திக் குடுக்கறேன். செம்பியன் வெண்மதியோடத பாரு. வெண்மதி, நீ அவன்து."

வெண்மதி ஸ்லைடுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கிக் கண்ணை வைத்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. வழக்கமாகச் சிவப்பணுக்கள் கண்ணுக்கெட்டியவரை பரவிக் கிடக்கும். வெள்ளணு ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே எங்கு பார்த்தாலும் ஊதா ஊதாவாக வெள்ளணுக்கள். ஸ்லைடை நகர்த்தினாள். அங்கேயும் அப்படித்தான். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து முதிர வேண்டிய செல்கள், ரத்தத்தில் வரவே கூடாதவை, பிஞ்சும் காயுமாகக் கலந்து கிடந்தன. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த காட்சி அது.

"மேம், என்னமோ தப்பா இருக்கு."

சத்யப்பிரியா வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் மாறியிருந்தது. எதிர் மேசையில் வெண்மதியின் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த செம்பியனை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஸ்டெயின் சரியா புடிக்கல. நாளைக்கு வேற ஒண்ணு போடலாம்" என்றார்.

மறுநாள் வேறு ஸ்லைடு போட்டார்கள், புதுச் சாயத்தில். அதுவும் அப்படியே இருந்தது.

அன்று மதியம் செம்பியன் வேப்பமரத்தடியில் சாப்பிடுவதை வெண்மதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினான். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் என்று இப்போது அவளுக்கு உறைத்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. மாடிப்படி ஏறி வந்தால் கொஞ்சநேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மண்ணீரல் வீங்கி இரைப்பையை அழுத்தினால் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பினாற்போல் இருக்கும் என்று அவள் படித்திருந்தாள். ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தது. புத்தகத்தை மூடி வைத்தாள்.

சத்யப்பிரியா பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னார். வெண்மதியும் கூடப் போனாள். பிரின்சிபால் சுப்பிரமணியன் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாம டாக்டரா?" என்றார் அவர். "ஏதோ ஜொரமா இருக்கும், இன்ஃபெக்‌ஷனா இருக்கும். காலேஜ் லேப்ல பாத்து எங்க புள்ளைக்கு கேன்சர்னு சொல்லிட்டாங்கன்னு நாளைக்கு அவுங்க வீட்ல வந்து நின்னா யாரு பதில் சொல்றது? அடுத்த வருஷம் எவன் இங்க புள்ளைய சேப்பான்?"

"சார், ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கிப் போன்னு மட்டும் சொல்லலாமே" என்றார் சத்யப்பிரியா.

"சொல்லுங்க. பக்குவமா சொல்லுங்க. அந்த வார்த்தைய எடுக்காதீங்க."

சத்யப்பிரியா பக்குவமாகச் சொன்னார். கொஞ்சம் ரத்தச்சோகை மாதிரி தெரிகிறது, வெளியே ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள் என்றார். செம்பியன் தலையாட்டினான். வாரம் ஒன்று போனது. "எடுத்தியாப்பா?" என்று கேட்டபோது, "பேரீச்சம்பழம் சாப்டறேன் மேம்" என்று சிரித்தான்.

அன்றைய தினம் முழுக்க வெண்மதிக்குப் பாடம் காதில் ஏறவில்லை. மேடம் இன்னொரு முறை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். மேடம் அவள் பக்கமே திரும்பாமல் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமில்லாதவர், அவரால் அவ்வளவுதான் முடியும் என்பதும் அவளுக்குப் புரிந்தது. வீட்டில் சொல்லிக் கேட்க யாரும் இல்லை. ஜான்சியின் நம்பர் மாறிப்போயிருந்தது. இந்த உலகத்தில் இந்த விஷயத்தை விளக்கம் ஏதும் இல்லாமல் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஒரே ஒருவன்தான். அவனும் அதே பாடத்தைத்தான் படித்திருந்தான்.

சாயங்காலம் லாரி ஒன்று போகும்வரை காத்திருந்து, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த காமர்ஸ் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"செம்பியன்."

அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தவன்போல் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னயா?" என்றான்.

"ஒங்களுக்கு ரத்தச்சோகை இல்ல. மேம் ஒங்களுக்காவ மாத்திச் சொன்னாங்க. ஒங்க ஸ்லைட எண்ணுனது நான்தான்."

"தெரியும். என்னா அதுல?"

"வெள்ளணு ஜாஸ்தி. ரொம்ப ஜாஸ்தி."

"ரொம்பன்னா?"

"ஸ்லைடு பூரா."

அவன் முகத்தில் இருந்த லேசான சிரிப்பு போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. "என்னென்ன செல் பாத்தீங்க?" என்று கேட்டான், வாய்மொழித் தேர்வில் கேட்பதுபோல.

அவள் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் அவன் தலையசைத்தான். கடைசிப் பெயரைச் சொன்னபோது அசைக்கவில்லை.

"சாயம் தப்பா இருக்காதா?"

"ரெண்டு நாளு போட்டேன். அதே சாயத்துல என்னோடதையும் போட்டேன். என்னோடது சரியா இருக்கு."

"ஒங்களோடது நான் பாத்தனே" என்றான். "வெள்ளணுவத் தேடறதுக்குள்ள கண்ணு வலிச்சிடுச்சி."

சிதம்பரம் பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நாளைக்கே பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போயிடு" என்றாள். நீங்க என்பது அவளை அறியாமலே நீ ஆகியிருந்தது. "தள்ளிப் போடாத. சிலதுக்கு மாத்திரை இருக்கு. மாத்திரையிலயே கட்டுப்படுமாம். படிச்சேன்."

"நானும் படிச்சேன்" என்றான் அவன். "அந்தப் பக்கத்த சாய்ஸ்ல வுட்டுடலாம்னு இருந்தேன்."

மறுநாள் காலை அவன் லேபுக்கு வந்து, "மேம், என் ஸ்லைட நான் பாக்கணும்" என்றான். சத்யப்பிரியா வெண்மதியைப் பார்த்தார். வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் பீரோவைத் திறந்து ஸ்லைடை எடுத்துக் கொடுத்தார். அவன் உட்கார்ந்து லென்ஸைச் சரிசெய்து பார்க்க ஆரம்பித்தான். வகுப்பு மணி அடித்தது. அப்போதும் எழவில்லை. பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லா ஸ்டெயின் பண்ணிருக்க" என்று வெண்மதியிடம் சொன்னான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் அவன் கல்லூரிக்கு வரவில்லை.

நடந்தது என்னவென்று துண்டுதுண்டாகத்தான் தெரிந்தது. ஜிப்மரில் சேர்த்துவிட்டார்கள் என்றார் மேடம். பிறகு ஒருநாள் அவனுடைய அம்மாவும் ஒரு சொந்தக்காரப் பெண்ணும் பிரின்சிபால் அறைக்கு வந்து அழுது சத்தம் போட்டார்கள். வெண்மதி மாடியில் நின்றிருந்தாள். "யாரு அந்தப் பொண்ணு? சும்மா சுத்திட்டு இருந்த புள்ளய நடுரோட்ல நிறுத்தி, ஒனக்கு இன்ன நோவுன்னு சொன்னவ யாரு? எந்த வாயி அது?" என்று அந்த அம்மாள் கேட்டது மேல்வரை கேட்டது. அவளைக் கீழே கூப்பிடவில்லை. அவர்கள் போனபின்தான் பிரின்சிபால் கூப்பிட்டார்.

"ரோட்ட தாண்டிப் போயி பையன்கிட்ட பேசுனியாமே" என்றார். நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

செம்மண்டலத்துக்கு போன் போயிற்று. அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா மங்கலம்பேட்டையிலிருந்து வந்தார். டூட்டிச் சட்டையோடு ஹாலில் உட்கார்ந்து, அத்தை சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு வெண்மதியைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பாவுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் இடையில் புகுந்து எதுவும் பேசாமல் கேட்டார்.

"அந்தப் புள்ள பொழச்சிக்குமா?" என்றார் கடைசியில்.

"தெரியலப்பா."

"சரி. படிப்ப முடிச்சிடு." எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று அத்தையிடம், "அவள எதுவும் கேக்காத, அமிர்தம்" என்றார். விருத்தாசலம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

கேட்காதே என்றதும் அத்தை எதையுமே கேட்காமல் இருந்துவிட்டாள். சாப்பிடுகிறாயா என்றுகூட இல்லை, தட்டு மட்டும் மேசைக்கு வரும்.

கல்லூரியில் இப்போது வெண்மதி மட்டும்தான். சத்யப்பிரியா ஒருத்திக்காகப் பாடம் நடத்தினார். ஆரம்பத்தில் நின்றுகொண்டு போர்டில் எழுதினார், போகப்போக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார். பாடம் முடிந்ததும் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவார். பஸ் ஸ்டாப் விஷயத்தை அவர்கள் மறுபடி பேசவில்லை. காமர்ஸ் பெண்கள் தண்ணீர்க் குழாயருகே அவளைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கினார்கள். பிராக்டிகலில் தன் விரலிலேயே குத்தி, தன் ரத்தத்தையே தான் எண்ணினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அது ஏனோ அவளுக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது. சில சமயம், தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் இந்நேரம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றும். உட்கார்ந்திருப்பான்தான், ஆனால் எத்தனை நாளைக்கு என்று உடனே அவளே கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்வியைப் பகிர்ந்துகொள்ள அறையில் யாரும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு அப்புறம் மேடம், "செம்பியனுக்கு மாத்திரை ஒத்துக்குச்சாம்" என்று சொன்னார். பாடத்துக்கு நடுவில், போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வருஷம் வரமாட்டான்." வெண்மதி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். எழுத்து கலங்கித் தெரிந்தது.

கடைசிப் பரீட்சைகளுக்கு அவளுக்கு சிதம்பரத்தில் சென்டர் போட்டிருந்தார்கள். ஏப்ரல் வெயில். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தபோது மற்ற கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் இங்க் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக விலகி நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் கால் தானாக மேல வீதிப் பக்கம் திரும்பியது. அவனுடைய அப்பா ஞானசேகரனுக்குச் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை மேல வீதியில் இருப்பது எப்போதோ வகுப்பில் காதில் விழுந்திருந்தது.

விசாரித்துக் கண்டுபிடித்தாள். சின்னக் கடை. சுவரெல்லாம் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் நடராஜரும். அவனுடைய அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தரையில் செம்பியன் மரச்சட்டத்தை அளந்துகொண்டிருந்தான். முகம் லேசாக ஊதியிருந்தது, கண்ணுக்குக் கீழே வீக்கம். சட்டை உடம்பில் பொருந்தியிருந்தது.

அவன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். "அம்மா, காலேஜ்ல கூடப் படிச்சவங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று புரிந்துவிட்டது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

செம்பியன் கடைப்படி இறங்கி வந்தான். "அம்மாவுக்கு இன்னும் கோவம் போவல" என்றான் மெதுவாக. "டெய்லி ஒரு மாத்திரை. அத வுடாம சாப்டா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொல்றாரு. ஒண்ணும் ஆவாதுன்னா அப்பறம் அந்தப் பொண்ணு எதுக்கு அப்படிப் பயமுறுத்துச்சுன்னு அம்மா கேக்குறாங்க. அவுங்களுக்குப் புரிய வைக்க முடியல."

"பரவால்ல."

"வாந்தி வரும். காலு இழுக்கும். மத்தபடி நல்லா இருக்கேன்." கொஞ்சம் தயங்கினான். "ஜூன்ல வந்து சேரலாம்னு இருந்தேன். துறையே இல்லன்னுட்டாரு பிரின்சிபாலு."

"மூடிட்டாங்க. மேமும் வேற எடம் பாக்குறாங்க."

"ம்." தெருவைப் பார்த்தான். தேர் போகிற அகலத் தெருவில் வெயிலில் கண் கூசியது. "இன்னிக்கி என்னா பேப்பரு?"

"கிளினிக்கல்."

"கொஸ்டின் எப்டி?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பத்து மார்க்கில் கல்லீரல் கேட்டிருந்தார்கள். சிறுநீரகம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்து ஏமாந்தார்கள். அவன் இடையிடையே, "அதுக்கு என்சைம்லாம் எழுதுனியா?", "படம் போட்டியா?" என்று கேட்டான். ஒரு கேள்விக்கு அவள் சொன்ன விடை தப்பு என்றான். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று வாதாடினார்கள். அவன் சொன்னதுதான் சரி என்று கடைசியில் அவளுக்கே தெரிந்தது. ரெண்டு மார்க் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். பரீட்சை முடிந்து வெளியே வந்து ஒருவரோடு இப்படிப் பேசுவது அவளுக்கு ஜான்சி போனபிறகு இதுதான் முதல் தடவை.

"செம்பியா, கஸ்டமர் வந்திருக்காங்க" என்று உள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"போயிட்டு வரேன்" என்றாள் வெண்மதி. நம்பர் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஸ்டூலில் இருந்த முதுகைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

"மாத்திரைய நிறுத்திடாத" என்றாள்.

"மாட்டேன்."

கடலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பியதும் அவள் வெண்மதியின் மடியில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள்.

"பரீச்சையாம்மா? நல்லா எழுதுனியா?"

"எழுதினேன். ரெண்டு மார்க்கு போவும்."

"போனா போவுது. கூடப் படிக்கிற புள்ளைங்கல்லாம் எங்க, தனியாப் போற?"

வெண்மதி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஊர் முடிந்து வயல் தொடங்கியிருந்தது.

"ஒருத்தன் இருக்கான்" என்றாள். "சிதம்பரத்துலயே."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, மல்லிகை வாடாமலிருக்க ஈரத்துணியை இழுத்து மூடி, கூடையில் கைவைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.